1714: ஓர் ஆண்டு, உங்கள் கேள்விகள்

செஞ்சி தேசிங்கு மாண்டது 1714இல் என்று சென்ற இதழில் ஒரு வரி எழுதியிருந்தோம். அதைப் பிடித்துக்கொண்டு ஆத்தூர், ஓமலூர், ஏற்காடு, சேலம் டவுன் என்று நாலா பக்கமிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. ஆகவே இந்த இதழில் வேறு ஆண்டுக்கு இடமில்லை.

கேள்வி: எங்கள் குடும்பத்து ஓலை ஒன்றில் 'செய வருஷம் மாசி மாதம்' என்று இருக்கிறது. இதை 1714 என்று எடுத்துக்கொள்ளலாமா? (வாசகர், ஆத்தூர்)

அவசரப்பட வேண்டாம். 'செய' என்பது ஜய வருஷம்தான், அதில் ஐயமில்லை. ஆனால் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை ஜய வந்துகொண்டே இருக்கும். கணக்கைத் தொடங்க நம் காலத்து ஆண்டு ஒன்றைப் பிடித்துக்கொள்வது எளிது. 2014 சித்திரையில் பிறந்தது ஜய. அதிலிருந்து அறுபது அறுபதாகக் கழித்தால் 1954, 1894, 1834, 1774, 1714, 1654. உங்கள் ஓலை இவற்றில் எதுவாகவும் இருக்கலாம்.

அடுத்தது மாதம். ஜய வருஷம் 1714 ஏப்ரலில் பிறந்து 1715 ஏப்ரல் வரை ஓடியது. தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில ஆண்டில் போய் விழும். எனவே ஓலை அந்தச் சுற்றைச் சேர்ந்ததே என்றாலும் உங்கள் மாசி 1715தான். பலர் வழுக்கி விழுவது இந்த இடத்தில். 1714 பிப்ரவரியில் நடந்த ஒன்றைத் தேடுகிறீர்கள் என்றால் ஓலையில் 'விசைய வருஷம் மாசி' என்று இருக்க வேண்டும். விஜய, ஜய இரண்டும் அடுத்தடுத்த ஆண்டுகள். ஓலை ஓரம் செல்லரித்து முதல் எழுத்து போயிருந்தால் ஒன்று மற்றொன்றாகத் தெரியும். 'செய'வுக்கு முன்னால் ஓர் எழுத்துக்கு இடமிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

எந்தச் சுற்று என்பதை முடிவு செய்வது ஓலையில் உள்ள சகாப்த (சக ஆண்டு) எண்ணோ கலி (கலியுக ஆண்டு) எண்ணோதான். ஆங்கில ஆண்டு வேண்டுமானால், சகாப்தத்தோடு 78 கூட்டுங்கள். கலியிலிருந்து 3101 கழியுங்கள். 1714 சித்திரையில் பிறந்த ஜயவுக்கு சகாப்தம் 1636, கலி 4815. தமிழ் எண்ணில் 1636 என்பது ௲௬௱௩௰௬. சாசனங்களில் பெரும்பாலும் 'சகாப்தம் இத்தனையின் மேல் செல்லாநின்ற' என்று, முடிந்த ஆண்டைச் சொல்லி அதற்கு மேல் நடக்கும் ஆண்டின் பெயரைச் சொல்வார்கள். சில இடங்களில் நடப்பு ஆண்டின் எண்ணையே போட்டுவிடுவார்கள். அப்போது கணக்கு ஓர் ஆண்டு தள்ளிப்போகும். எண்ணும் பெயரும் ஒன்றாக வைத்துப் பார்த்து, பொருந்தாவிட்டால் பெயரை நம்புங்கள். எண் எழுதுகையில் ஒரு ௰ விட்டுப்போவது உண்டு. நடப்பு வருஷத்தின் பெயரை ஊரே சொல்லிக்கொண்டிருக்கும்போது அது தப்புவது அரிது.

எண்ணே இல்லாவிட்டால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மைசூர் கிருஷ்ணராஜ உடையார் பெயர் மட்டும் இருந்தால் 1714 சுற்று. ஹைதர் பெயர் வந்தால் அறுபது ஆண்டு பிந்திய ஜய. ஓலையைப் படிக்கும் முன் ஒரு நினைவூட்டல்: அக்கால ஓலைகளில் புள்ளி வைக்க மாட்டார்கள், எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் இராது, காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். எண்ணெய் தடவி மை ஏற்றும் வேலையை நீங்களே செய்யாதீர்கள். முதலில் சாய்வான வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுங்கள். கீறல் நிழல் விழுந்து எழுத்து தானே எழும்பும்.

கேள்வி: இங்கிலாந்து அன்னி அரசி இறந்த நாள் ஒரு நூலில் 1714 ஆகஸ்ட் 1 என்றும் இன்னொன்றில் ஆகஸ்ட் 12 என்றும் இருக்கிறது. எது சரி? (மாணவி, அஸ்தம்பட்டி)

இரண்டும் சரி. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. ஐரோப்பாவின் பெரும்பகுதி அதற்கு முன்பே கிரகோரியனுக்கு மாறிவிட்டது. 1714இல் இரண்டுக்கும் இடைவெளி 11 நாள்.

நம் கடற்கரையிலேயே இந்த இரட்டைக் கணக்கு ஓடியது. சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர் பழைய கணக்கு. தரங்கம்பாடியில் டேனியர் 1700 முதல் புதிய கணக்கு. தரங்கம்பாடியில் 20ஆம் தேதி எழுதிய கடிதம் சென்னைக்கு அதே மாதம் 14ஆம் தேதி வந்து சேர்ந்ததாகப் பதிவாகியிருந்தால் குழம்ப வேண்டாம். வழியில் ஐந்து நாள் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு பொறியும் உண்டு. ஆங்கிலேயருக்குச் சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25இல்தான். ஆகவே நாம் 1714 பிப்ரவரி என்பதை அவர்கள் 1713 பிப்ரவரி என்று எழுதியிருப்பார்கள். கோட்டைப் பதிவேடுகளைப் பார்த்துக் கட்டுரை எழுதுகிறவர்கள் ஜனவரி முதல் மார்ச் 24 வரையான தேதிகளை இரண்டு முறை பார்ப்பது நல்லது.

சித்திரை முதல் நாளும் அன்று ஏப்ரல் 14இல் வரவில்லை. புதிய கணக்கில் ஏப்ரல் 9 வாக்கில், பழைய கணக்கில் மார்ச் கடைசியில் வந்தது. நம் ஆண்டு கிரகோரியன் ஆண்டைவிடச் சுமார் 23 நிமிடம் நீளம். அந்த நிமிடங்கள் சேர்ந்து முந்நூறு ஆண்டில் ஐந்து நாளாகிவிட்டன.

கேள்வி: 1714இல் சேலத்தை ஆண்டது யார்? (வாசகர், செவ்வாய்ப்பேட்டை)

மைசூர். தாரமங்கலத்துக் கெட்டி முதலிகளின் காலம் முடிந்து, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிக்கதேவராஜ உடையார் இந்தச் சீமையைத் தம் வசமாக்கினார். அவர் 1704 நவம்பரில் இறந்தார். அடுத்து வந்த மகன் இரண்டாம் கண்டீரவ நரசராஜர் பேசவும் கேட்கவும் இயலாதவர். பத்து ஆண்டு ஆட்சி செய்து 1714 பிப்ரவரியில் மறைந்தார். அவருக்குப் பின் வந்த மகன் கிருஷ்ணராஜருக்கு அப்போது பன்னிரண்டு வயதுகூட நிறையவில்லை.

ஆக, அந்த ஆண்டில் திருமணிமுத்தாற்றங்கரையில் வரி கட்டியவர்களுக்கு மன்னர் மாறினார். ஆட்சி செய்தவர்கள் மாறவில்லை. படையும் கஜானாவும் ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தளவாய்கள் (படைத்தலைவர்கள்), மந்திரிகள் கையில் போய்க்கொண்டிருந்தன. கிருஷ்ணராஜர் 1732 வரை ஆண்டார்; அந்தப் பதினெட்டு ஆண்டில் அந்தப் பிடி இறுகியதே தவிரத் தளரவில்லை. பின்னாளில் ஹைதர் அலி மேலே வந்தது இப்படி வலுவிழந்த அரண்மனையில்தான். எங்கள் கருத்தில், சேலம் வரலாற்றை 1792இல் கம்பெனிக்குக் கைமாறிய நாளிலிருந்து தொடங்குகிறவர்கள் இந்த நூறு ஆண்டு மைசூர்க் காலத்தை அநியாயமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஏற்காட்டு மலைமேல் அன்று காப்பியும் இல்லை, சில்வர் ஓக் மரமும் இல்லை. மலையாளி என்னும் மலைப் பழங்குடி மக்களின் ஊர்களும், சாமை, தினை, கேழ்வரகு விளையும் காடுகளும், உச்சியில் சேர்வராயன் கோயிலும்தான்.

கேள்வி: பாட்டி வைத்திருந்த மிளகு அளவு தங்கக் காசு 'கண்டீராயப் பணம்' என்கிறார்கள். 1714இல் இறந்த மன்னர் அடித்ததா? (வாசகி, ஓமலூர்)

இல்லை, அவருக்கு முன் அதே பெயரில் இருந்தவர். முதலாம் கண்டீரவ நரசராஜர், 1638 முதல் 1659 வரை ஆண்டவர். ஒரு பக்கம் நரசிம்மர், மறுபக்கம் நாகரியில் மன்னர் பெயர் மூன்று வரியில் இருக்கும். எடை அரை கிராம்கூட வராது. சாதாரண நகைத் தராசில் நிறுத்தால் ஏமாந்துபோவீர்கள். மில்லிகிராம் காட்டும் தராசு வேண்டும். பத்துப் பணம் ஒரு வராகன் என்பது கணக்கு. அடித்தவர் போன பிறகும் நெடுங்காலம் இந்தப் பணத்திலேயே வரியும் விலையும் பேசினார்கள் என்பதால், காசு கிடைத்த இடத்தை வைத்து ஆண்டு சொல்ல முடியாது.

பாட்டி வழி வந்த காசு என்றால் கவலை இல்லை. மண்ணில் கிடைத்த புதையல் என்றால், 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டதைக் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் எழுத்தின் விளிம்பு போய்விடும். விளிம்பு போன காசை யாராலும் படிக்க முடியாது.

கேள்வி: தேசிங்கு கதையில் எவ்வளவு உண்மை? (வாசகர், வாழப்பாடி)

தேசிங்கு என்கிற தேஜ் சிங், பந்தேலா ராஜபுத்திரர். தந்தை சரூப் சிங், முகலாயருக்காகச் செஞ்சிக் கோட்டையைக் காத்துவந்தவர். 1714இல் அவர் இறக்க, மகன் பொறுப்பேற்றார். பழைய வரிபாக்கியைக் கேட்டு ஆற்காட்டு நவாப் சதத்துல்லா கான் படையெடுத்தார். இளைஞர் கோட்டைக்குள் இருந்து காலம் கடத்தாமல், கொஞ்சம் குதிரைப் படையோடு வெளியே வந்து மோதி, அக்டோபரில் களத்தில் விழுந்தார். வயது இருபத்திரண்டு என்பார்கள். மனைவி உடன்கட்டை ஏறினார். அவர் நினைவாகத்தான் ராணிப்பேட்டை என்று சொல்லப்படுகிறது.

இவ்வளவும் வரலாறு தாங்கும். டில்லியில் குதிரை அடக்கப்பட்ட காட்சியும் வசனங்களும் கதைப்பாட்டுக்காரர்களின் கொடை. எங்களுக்கு அந்தப் பாட்டும் பிடிக்கும்; ஆனால் தேர்வுத் தாளில் அதை எழுதாதீர்கள்.

நேரில் பார்க்க, சேலத்திலிருந்து ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை வழியாகச் செஞ்சிக்குப் போகலாம். ராஜகிரி ஏறுவதாக இருந்தால் காலையிலேயே தொடங்குங்கள், தண்ணீர் கையில் இருக்கட்டும். பாறை சூடேறிய பிறகு அந்தப் படிகள் யாரையும் விடாது.

கேள்வி: தரங்கம்பாடியில் தமிழ் அச்சு தொடங்கியதும் இதே ஆண்டா? (ஆசிரியை, சங்ககிரி)

அச்சுக்கூடம் அதற்கு ஓரிரு ஆண்டு முன்பே வந்துவிட்டது. 1712இல் இங்கிலாந்திலிருந்து வந்த அச்சுப்பொறியில் ஐரோப்பிய எழுத்துகள் மட்டும். ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. தரங்கம்பாடிப் பாதிரியார் சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டில் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714இல் அச்சாயின. மீதி 1715இல் முடிந்தது. தமிழில் முதல் அச்சு நூல் இதுவல்ல. கொல்லத்தில் 1578இலேயே தம்பிரான் வணக்கம் அச்சாகிவிட்டது.

1714இன் உண்மையான சிக்கல் எழுத்தின் அளவு. ஹாலே எழுத்துகள் பெரியவை. தமிழ்ச் சொல்லும் நீளம், எழுத்தும் பெரிது என்றால் ஒரு பக்கத்தில் சில வரிகளே அடங்கும். தாளோ கப்பலில் வர வேண்டும். முழு நூலையும் அப்படி அடித்தால் கையிருப்புத் தாள் பாதியிலேயே தீர்ந்துவிடும். ஆகவே தரங்கம்பாடி வட்டாரத்திலேயே சிறிய எழுத்துகளைப் புதிதாக வெட்டி வார்த்தார்கள். பொறையாற்றில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள். தமிழ் எழுத்தைத் தமிழ் மண்ணிலேயே வார்த்து ஒரு பெரிய நூலை முடித்த அந்த உழைப்பை, மதப் பிரசாரம் என்ற ஒரே சொல்லில் அடைத்து ஒதுக்குவது சரியில்லை. 1714 அக்டோபரில் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குக் கப்பலேற, எஞ்சிய வேலையைப் பார்த்துக்கொண்டவர் உடனிருந்த பாதிரியார் க்ருண்ட்லர்.

கேள்வி: பாரிஸுக்குப் போன ஒரே ஒரு காப்பிச் செடியிலிருந்து அமெரிக்கத் தோட்டங்கள் வந்தன என்று படித்தேன். ஒரு செடி போதுமா? (காப்பித் தோட்டக்காரர், ஏற்காடு)

அந்தச் செடி கைமாறியதும் 1714இல்தான். ஆம்ஸ்டர்டாம் நகரத் தலைவர் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்குச் சுமார் ஐந்தடி உயரக் காப்பிச் செடி ஒன்றை அனுப்பினார். அதைப் பாரிஸ் அரச மூலிகைத் தோட்டத்தில் கண்ணாடிக் கூடத்துக்குள் வைத்தார்கள். அதன் வழி வந்த நாற்று ஒன்றைத்தான் தெ க்ளியூ என்ற கடற்படை அதிகாரி 1720களின் தொடக்கத்தில் மார்டினீக் தீவுக்குக் கொண்டுபோனார். பின்னோக்கிப் போனால் இன்னும் சுவை: ஆம்ஸ்டர்டாம் செடி ஜாவாவிலிருந்து, ஜாவாச் செடி நம் மலபாரிலிருந்து போனது.

ஒரு செடி போதும், அது அராபிகா என்றால். அராபிகா தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். விதையில் வரும் கன்றும் பெரும்பாலும் தாயை உரித்து வைத்தாற்போல இருக்கும். ரொபஸ்டாவுக்கு வேறொரு செடியின் மகரந்தம் வேண்டும். தனியே நின்றால் காய்ப்பு இராது. பாரிஸுக்குப் போனது ரொபஸ்டாவாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஒரே செடியின் வழி என்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. எல்லாம் ஒரே ரத்தம் என்பதால் இலைத் துரு போன்ற நோய் ஒன்றைத் தாக்கினால் எல்லாவற்றையும் தாக்கும்.

விதையாக அனுப்பாமல் செடியாக ஏன் அனுப்பினார்கள்? காப்பி விதை நெல்லைப் போல வைத்திருந்து விதைக்கக்கூடியதல்ல. சில மாதத்தில் முளைப்புத் திறன் விழுந்துவிடும். பல மாதக் கப்பல் பயணத்தில் ஈரமும் உப்பும் பட்டால் அதற்கும் முன்னரே போய்விடும். உறைபனி பட்டாலும் செடி கருகும். பாரிஸில் கண்ணாடிக் கூடம் அதற்காகத்தான்.

நீங்கள் நாற்று விடும்போதும் இதே விதிகள்தான். நடு அறுவடையில் நன்கு பழுத்த பழத்தைப் பறித்து, கையால் தோல் நீக்கி, தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தள்ளிவிட்டு, மூழ்கியதை மட்டும் எடுத்துச் சாம்பல் கலந்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காயப்போட்டால் மேல் ஓடு வெடித்து முளை கெடும். டிசம்பர், ஜனவரியில் ஒரு மீட்டர் அகல மேட்டுப் பாத்தியில், தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி, ஓர் அங்குலத்துக்கும் குறைவான இடைவெளியில் பதியுங்கள். மேலே மெல்லிய மண், அதன் மேல் வைக்கோல். நாள்தோறும் தண்ணீர், நேர் வெயில் படாமல் பந்தல். சுமார் 45 நாளில் முளை எழும்பும். எழும்பியதும் வைக்கோலை எடுத்துவிடுங்கள். தாமதித்தால் தண்டு வளைந்துவிடும். முளையின் தலையில் விதை தொப்பிபோல நிற்கும் 'தொப்பி நிலை'யில், விடியற்காலையில், பைக்கு மாற்றுங்கள். பையில் சலித்த காட்டு மண் 6 பங்கு, மக்கிய எரு 2 பங்கு, மணல் 1 பங்கு. ஆணிவேர் மடிந்து விழுந்தால் அந்தக் கன்று பிற்பாடு தேறாது. விரலால் ஆழக் குழி போட்டு வேரை நேராக இறக்குங்கள். நீண்டிருந்தால் நுனியைக் கிள்ளிவிடுங்கள்.

சேர்வராயன் மலைக்குக் காப்பி வர 1714இலிருந்து இன்னும் நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார்.

கேள்வி: 1714இல் பிரிட்டிஷ் அரசு 20,000 பவுண்டு பரிசு அறிவித்ததாமே, எதற்கு? (பாலிடெக்னிக் மாணவர், சேலம்)

நடுக்கடலில் கப்பல் இருக்கும் தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்க. 1707இல் சில்லித் தீவுகளில் ஆங்கிலக் கப்பற்படை பாறையில் மோதி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதன் விளைவு இது. பிழை அரை பாகைக்குள் இருந்தால் 20,000, முக்கால் பாகையைவிடச் சற்றுக் குறைவான 40 கலைக்குள் (ஒரு பாகைக்கு 60 கலை) இருந்தால் 15,000, ஒரு பாகைக்குள் இருந்தால் 10,000 பவுண்டு.

பூமி ஒரு பாகை திரும்ப நான்கு நிமிடம். அரை பாகை என்றால் இரண்டு நிமிடம். மேற்கிந்தியத் தீவுக்கு ஆறு வாரப் பயணம். அந்த 42 நாளில் கடிகாரம் மொத்தம் இரண்டு நிமிடம் தவறலாம். நாளொன்றுக்கு மூன்று விநாடிகூட இல்லை. ஊசல் கடிகாரம் கப்பல் ஆட்டத்தில் நிற்காது, சுருள்வில் கடிகாரம் வெப்பத்துக்கு ஏற்ப ஓட்டத்தை மாற்றும், எண்ணெய் கெட்டியாகும். தச்சர் மகன் ஜான் ஹாரிசன் இவை ஒவ்வொன்றையும் வென்று செய்த கைக்கு அடக்கமான கடிகாரம் 1761இல்தான் கடலேறியது.

இதை நீங்களே சேலத்தில் செய்து பார்க்கலாம். நல்ல நாள் டிசம்பர் 25. அன்று சூரிய நேரத்துக்கும் கடிகார நேரத்துக்கும் வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. நிழலும் போதிய நீளம். சமதளமான மொட்டை மாடியில் ஒரு மீட்டர் கோலைத் தூக்குக் குண்டு பார்த்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். கோலின் அடியை மையமாக வைத்து 1.2 மீட்டர் ஆரத்தில் வட்டம் போடுங்கள். காலை 9.50 வாக்கில் நிழல் நுனி சுருங்கி வட்டத்தைத் தொடும், நேரத்தைக் குறியுங்கள். பிற்பகல் 2.45 வாக்கில் மீண்டும் தொடும், அதையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடு நேரம் உங்கள் ஊர் உச்சிவேளை. சேலத்துக்கு அது 12.17 வர வேண்டும். இந்திய நேரம் 82.5 பாகைக்கு வைத்தது. 12 மணியைத் தாண்டிய 17 நிமிடம் 24 விநாடியை நான்கால் வகுத்தால் 4.35 பாகை. கழித்தால் 78.15. அதுதான் சேலத்தின் தீர்க்கரேகை.

கெடுப்பவை இரண்டு. நிழல் நுனி மங்கலாக இருக்கும். கோலின் உச்சியில் துளையுள்ள வாஷரைப் பொருத்தி, நிழலுக்குள் விழும் ஒளிப்புள்ளியைப் பாருங்கள். துளையின் உயரம்தான் இப்போது கோலின் உயரம். இரண்டாவது, தளச் சரிவு. மாடியில் தண்ணீர் வடிய வாட்டம் விட்டிருப்பார்கள். பலகை வைத்து ரசமட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடப் பிழை கால் பாகை. இரண்டு நிமிடத்துக்குள் வந்தால் 1714ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் பரிசு வரம்புக்குள் வந்துவிட்டீர்கள். ஏற்காட்டில் டிசம்பர் மூடுபனியை நம்பி இதைத் தொடங்க வேண்டாம்.

கேள்வி: பாரன்ஹீட் வெப்பமானியும் 1714தானா? (வாசகர், மேட்டூர்)

பாதரச வெப்பமானிக்குப் பாடநூல்கள் இந்த ஆண்டைத்தான் போடுகின்றன. எங்களுக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அதே ஆண்டு அவர் ஹாலேயில் பேராசிரியர் கிறிஸ்டியன் வுல்ஃபிடம் கொடுத்த இரண்டு சாராய வெப்பமானிகள். இரண்டும் ஒரே அளவைக் காட்டின. அதற்கு முன் ஒருவர் கருவி சொன்னதை இன்னொருவர் கருவி ஒப்புக்கொள்ளாது. தமிழ் எழுத்து வார்க்கப்பட்ட அதே ஊர்தான் இது. சேலத்துக் கோடையின் 40 செல்சியஸை 1.8ஆல் பெருக்கி 32 கூட்டினால் 104 பாரன்ஹீட்.

கேள்வி: இந்த ஆண்டில் பிறந்த இசைக்கலைஞர்கள்? டில்லியில் யார் ஆட்சி? (வாசகர், எடப்பாடி)

ஜெர்மானிய இசையமைப்பாளர்கள் க்ளுக் ஜூலை 2, கார்ல் ஃபிலிப் எமானுவேல் பாக் மார்ச் 8. டில்லியில் ஃபரூக்சியர், 1713 முதல் 1719 வரை. அவர் காசில் ஹிஜ்ரி 1126 என்று இருந்தால் அது 1714 ஜனவரி நடுவில் தொடங்கிய ஆண்டு.